ரைட் கொடுத்தவர்

கதவு சாத்தின சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்க வேண்டிய "அப்பாடா" கேட்கவில்லை.

வேன் கிளம்பி ரெண்டு வளைவு தாண்டின பிறகுதான் கண்டக்டருக்கு அது உறைத்தது. பல்லிடுக்கில் ஏதாவது சிக்கிக்கொண்டால் நாக்கு அங்கேயே போய்ப் போய் வருமே, அந்த மாதிரி எதுவோ ஒன்று குறைகிறது என்று மனசு துழாவிக்கொண்டே இருந்து, கடைசியில் பிடித்தது. அவர் வீட்டுக்காரிக்கு இடது முட்டி தேய்ந்துபோய் ரொம்ப வருஷம் ஆகிறது. நாற்காலியோ கட்டிலோ ஆஸ்பத்திரி பெஞ்சோ, எதில் உட்கார்ந்தாலும் முட்டி ஒரு சொடக்குப் போடும், உடனே வாய் "அப்பாடா" என்னும். வீட்டுக்குள் அவள் எந்த அறையில் எந்த மூலையில் உட்கார்ந்தாள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். அந்த ரெண்டு சத்தமும் இல்லாமல் அவள் உட்கார்ந்தது கிடையாது.

சரி, கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். வர வேண்டியதுதான். அவர் பேசின பேச்சு அப்படி.

ஏரியைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கல்யாணமான புதிதில் சொன்னாள், பிள்ளைகள் படிக்கும்போது சொன்னாள், பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் போன பிறகும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "தண்ணியப் பாக்க எதுக்குடி மலை ஏறணும்? குழாயைத் திறந்தா வருது." கடைசியில் அவளுடைய தம்பி, அவருக்கு மச்சான், யாரோ தலைமுழுகின பழைய வேன் ஒன்றை வாங்கிவிட்டு, "மாமா, மலை ஏத்திப் பாத்தாத்தான் இஞ்சினோட யோக்கியதை தெரியும்" என்று வாசலில் வந்து நின்றபோது, தட்டிக்கழிக்க அவரிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. அவள் மஞ்சள் ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். "என்னடி இது, கோழிக்குஞ்சு மாதிரி?" என்றார். "பருந்து பாக்காம இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். சொடக்கு. அப்பாடா.

மச்சானும் அவரும் ஒரே பஸ்ஸில் முப்பது வருஷம் ஓடினவர்கள். அவன் டிரைவர், இவர் கண்டக்டர். இவர் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பிள்ளைக்கு அரை டிக்கெட் கேட்டால் பிள்ளையை எழுப்பி நிறுத்தி வயசு கேட்பார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இவர்களுக்குள் கண்ணை மூடின நம்பிக்கை. டிரைவர் திரும்பிப் பார்க்க மாட்டான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் கண்டக்டர் உள்ளங்கையால் வண்டி உடம்பில் ரெண்டு தட்டுத் தட்டுவார். டப், டப். "ரைட்." வண்டி கிளம்பிவிடும். சத்தத்துக்கு ரைட், ரைட்டுக்குக் கியர், ஹோல்டானுக்குப் பிரேக். ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகும் அது போகவில்லை. மலை ஏறும்போது டீக்கடையில் நிறுத்தினாலும் டப் டப், பெட்ரோல் பங்கில் நிறுத்தினாலும் டப் டப். "வீட்டு வண்டிக்கும் ரைட்டா? அப்படியே டிக்கெட்டும் கிழிச்சுக் குடுங்க" என்று பின்னாலிருந்து அவள் சிரித்தாள்.

ஏரியைச் சுற்றிப் போகிற ரோடு ஒரு வண்டி அகலம்தான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர். மழைக்கோட்டுப் போட்ட காவல்காரர் கேட்டில் நிறுத்திச் சொன்னார்: "ஏரி எப்பவும் இடது கைப் பக்கம் இருக்கணும். எதுக்கும் திரும்பக் கூடாது, ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. ஒரு சுத்து சுத்தி இருட்டறதுக்குள்ள இதே எடத்துக்கு வந்துருங்க. எத்தனை பேரு?"

"மூணு" என்றார் கண்டக்டர்.

காவல்காரர் குனிந்து உள்ளே பார்த்து, தலையை எண்ணிவிட்டுத்தான் சங்கிலியை இறக்கினார். நம்ம ஜாதி ஆள் என்று கண்டக்டருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கேட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே முதல் வியூ பாயிண்ட். கீழே தண்ணீருக்கு இறங்கக் கல்படி இருந்தது. அவள் சால்வையைக் கழற்றிச் சீட்டில் போட்டுவிட்டு, "காலை மட்டும் நனைச்சுட்டு வந்துர்றேன். குளுந்த தண்ணி முட்டிக்கு நல்லதாம்" என்று இறங்கினாள். "ஆமா, மருந்துக்கடையெல்லாம் மூடிட்டு எல்லாரும் ஏரியில எறங்கிட்டாங்க" என்றார் அவர். அவள் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்குவதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. "லேட்டா வந்தா விட்டுட்டுப் போயிருவேன், ஆமா" என்று கத்தினார். கண்டக்டராக இருந்தபோது ஆயிரம் பேரிடம் சொன்னதுதான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினாள்.

அப்புறம் பனி இறங்கிற்று. அவர் பாறைப் பக்கம் ஒதுங்கி நின்றிருந்தார். தனக்கு முன்னால் இருந்த கல்லே தெரியாத அளவுக்கு வெள்ளை. முதுகுக்குப் பின்னால் வேனின் தள்ளுக்கதவு கரகரவென்று ஓடி டமாலென்று சாத்திற்று. அவர் வந்தார், உள்ளங்கையால் ரெண்டு தட்டுத் தட்டினார், ரைட் என்றார், உருளுகிற வண்டியில் தொற்றிக்கொண்டார். பின்னால் பார்க்கவில்லை. எப்போது பார்த்தார், இன்று பார்க்க?

இப்போதும் பார்க்கவில்லை. மானப் பிரச்சினை. "என்ன, கால் குளுந்துச்சா?" என்று மட்டும் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

வைப்பர் மட்டும் இழுத்து இழுத்து அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா தூங்கிட்டாளோ என்னமோ" என்றான் மச்சான். "இஞ்சின் பாத்தீங்களா மாமா? பூனை மாதிரி ஏறுது."

இஞ்சின் பூனை மாதிரி ஏறவில்லை. அது முனகியது. வண்டியின் பாரத்தைக் காலாலேயே எடை போடுகிற ஆள் அவர். அறுபது பேர் ஏறினதையும் அறுபத்தியொன்றாவது ஆள் படியில் தொங்குவதையும் பலகை அதிர்கிற அதிர்விலேயே கண்டுபிடித்தவர். அவர் காலுக்குக் கீழே வேன் முன்பக்கம் லேசாகத் தூக்கி, பின்பக்கம் அமுங்கி ஓடிக்கொண்டிருந்தது. மலை ஏறும்போது அப்படி இல்லை. அவள் அவ்வளவு கனம் இல்லை. நனைந்த மணல்மூட்டையைப் பின்சீட்டில் இறக்கினால் எப்படி இருக்கும், அப்படி.

வாசனையும் மாறியிருந்தது. காலையிலிருந்து வண்டிக்குள் அவளுடைய முட்டித் தைலம்தான். மூக்கைத் துளைக்கிற பச்சை வாசனை. மச்சான் கூட, "அக்கா, இதை டேங்க்ல ஊத்தினா வண்டி பறக்கும்" என்று கிண்டல் பண்ணினான். இப்போது அது இல்லை. அதற்குப் பதிலாகக் கிணற்றைத் தூர் வாரும்போது அடியிலிருந்து முதல் கூடை மேலே வருமே, அந்தச் சேற்று வாசனை, வெயில் என்பதையே பார்க்காத வாசனை, ஹீட்டர் சூட்டில் மெல்ல மெல்ல விரிந்து முன்சீட்டுக்கு வந்தது.

"ஜன்னலைத் திறடா."

"குளிருது மாமா."

அவரே திறந்தார். வேன் ஏரியின் மறுகரைக்கு வந்திருந்தது. காற்று ஒரு பக்கமாக வீச, பனி திரைச்சீலை மாதிரி விலகி, கருப்பும் ஈயமும் கலந்த தண்ணீர் அகலமாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் எதிர்க்கரை. அவர்கள் புறப்பட்டு வந்த கரை. கைப்பிடிச் சுவர் ஒரு கோடாக. கல்படி ஒரு கீறலாக.

கீறலின் அடியில் மஞ்சளாக ஒரு புள்ளி.

கோழிக்குஞ்சு அளவுதான் இருக்கும். அது கையைத் தூக்கியது. ஆட்டியது. இறக்கியது. மறுபடியும் தூக்கியது.

கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார். "வண்டியை நிறுத்து" என்றார்.

மச்சான் நிறுத்தினான். அவர் காட்டின பக்கம் பார்த்தான். அதற்குள் பனி பாதி மூடிவிட்டது. "என்ன மாமா?"

"உங்க அக்கா மாதிரி இல்ல?"

மச்சான் சிரித்துவிட்டான். "அது ஏதாவது கொடி கட்டியிருப்பாங்க. பின்னாடி உக்காந்திருக்கிறவளை முன்னாடி தேடறீங்களே!" பிறகு திரும்பிப் பார்க்காமலேயே குரலை உயர்த்தினான். "அக்கா, மாமாவுக்கு உன்னைக் காணோமாம்!"

பின்னாலிருந்து "ம்" என்று வந்தது.

"கேட்டுச்சா?" என்று சொல்லிவிட்டு மச்சான் கியர் போட்டான்.

கேட்டது. ஆனால் "ம்" என்பது யார் வாயிலிருந்தும் வரும். மாட்டு வாயிலிருந்துகூட வரும். அவள் வாழ்நாளில் "ம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினதில்லை. "ம், ரொம்பத்தான் தேடுவாரு" என்பாள். "ம், காணாமப் போனா நிம்மதின்னு இருக்கும்" என்பாள். ஒரு "ம்"முக்குப் பின்னால் அரைமணி நேரப் பேச்சு இருக்கும். இதற்குப் பின்னால் எதுவும் இல்லை. ஆழத்திலிருந்து ஒரு குமிழி வந்து உடைந்த மாதிரி.

அவர் மஃப்ளரைக் கழற்றினார். நடுக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துடைத்துத் தன் பக்கம் திருப்பினார்.

"கண்ணாடியைத் தொடாதீங்க மாமா, அது ஏற்கனவே ஆடுது."

சால்வை. அவள் சால்வைதான். தலையிலிருந்து முகம் முழுக்க இழுத்து மோவாய்வரை மூடியிருந்தது. குளிருக்கு அப்படி மூடுவது சகஜம். ஆனால் துணிக்கு அடியில் வாய் இருந்தால் மூச்சு விடும். மூச்சு விட்டால் துணி அசையும். அவரும் மச்சானும் விடுகிற மூச்சில் முன்கண்ணாடியே வெளுத்துப்போய்க் கிடந்தது. அந்தத் துணி அசையவில்லை. நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மடியில் ஒரு கை. அது முட்டியைத் தடவியது. மெதுவாக, பார்த்துப் பழகுகிற மாதிரி.

வலது முட்டியை.

கண்டக்டர் கண்ணாடியைத் திருப்பி வைத்தார். அது கோணலாக நின்றது.

அலறியிருக்கலாம். அலறவில்லை. மலை ரோட்டில் வண்டி ஓட்டுகிறவனைப் பயமுறுத்தக் கூடாது. பஸ்ஸுக்குள் பாம்பே வந்தாலும் கண்டக்டர் முதலில் சிரித்த முகமாக "ஓரங்கட்டுப்பா" என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே ஓரம் கட்ட ஓரமே இல்லை. திரும்பவும் இடம் இல்லை. அவளிடம் போக வேண்டுமென்றால் முன்னால்தான் போக வேண்டும். மிச்ச ஏரியைச் சுற்றி, அதையும் ஏற்றிக்கொண்டு.

"கொஞ்சம் வேகமாப் போ" என்றார்.

"என்ன மாமா அவசரம்? அக்கா ஏரியப் பாக்கட்டும்."

"பாத்தது போதும்."

இறக்கம் ஆரம்பித்தது. வேன் முன்னால் சாய்ந்ததும் தரையில் ஏதோ ஓடுகிற சத்தம். தண்ணீர். பின்சீட்டுக்கு அடியிலிருந்து, ரப்பர் மிதியடிக்கு மேலே, சின்னப் பாம்பு மாதிரி வளைந்து வந்து அவர் செருப்பைத் தொட்டது. விரலிடுக்கில் நுழைந்தது. அந்தச் சில்லிப்பு எலும்பில் ஏறிற்று. அவர் காலைத் தூக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டார், குழந்தை மாதிரி.

அவள் தண்ணீரில் நிற்கிறாள். வெளிச்சம் இறங்குகிறது. முட்டி வலிக்கும். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். தான்தான் ரைட் கொடுத்தது.

பின்னால் சீட்டு கிறீச்சிட்டது. எதுவோ முன்னால் குனிகிறது. பிடரியில் குளிர். நெருக்கமாக. தைலம் தேடுகிற மாதிரி ஒரு மூக்கு அவர் காதோரம் எதையோ மோந்து இழுத்தது.

அவர் திரும்பவில்லை.

வளைவு. இன்னொரு வளைவு. பாறை. சுவர். பாறை.

கேட்டு விளக்கு.

வேன் நிற்பதற்கு முன்பே அவர் குதித்துவிட்டார். மஃப்ளர் சீட்டில் கிடந்தது, கதவு திறந்தபடியே ஆடியது. காவல்காரர் டார்ச்சோடு வந்து ஜன்னல் வழியாக அடித்துப் பார்த்தார்.

"மூணு பேரு போனீங்க. மூணு பேரு வந்துட்டீங்க. சரி, கெளம்புங்க."

"சங்கிலியை எறக்குங்க ஐயா. நான் திரும்ப உள்ள போகணும். என் வீட்டுக்காரி அந்தப் படியில நிக்கிறா."

"அப்ப பின்னாடி உக்காந்திருக்கிறது யாரு?"

"அதுதான் தெரியல."

காவல்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் டார்ச்சைத் தூக்கிப் பின்சீட்டில் அடித்தார். இந்தத் தடவை கொஞ்ச நேரம். டார்ச் அணைந்தது. தன் அறைக்குள் போனார். தாழ்ப்பாள் விழுந்தது. ஜன்னல் பலகையும் விழுந்தது.

"மச்சான். எறங்கு."

"எதுக்கு?"

"சொன்னா எறங்கு. வண்டியில உக்காராத. நடந்து போய் அக்காவைக் கூட்டிட்டு வருவோம்."

"மாமா, உங்களுக்குக் காய்ச்சலா? அக்கா இந்தா..."

அப்போது வண்டிக்குள் ஒரு சொடக்குக் கேட்டது. காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி. பிறகு அவள் குரல். அவளுடைய குரலேதான். இத்தனை வருஷம் அவர் காதில் விழுந்த அதே இழுப்பு, அதே களைப்பு.

"அப்பாடா."

"பேசிட்டா பாருங்க!" மச்சான் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தான். "ஏறுங்க மாமா, இருட்டுது."

ஒரு கணம் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கிழட்டுப் புத்தி, பனியில் கோளாறு பண்ணிவிட்டது, அவள் இங்கேதான் இருக்கிறாள், ஏறிவிடலாம் என்று கைகூடக் கதவுக்கு நீண்டது. அப்போதுதான் ஏரிப் பக்கத்திலிருந்து, தூரமாக, பனியைத் துளைத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க..."

மச்சானுக்குக் கேட்கவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் கையை இழுத்துக்கொண்டார். "எறங்கி நில்லுடா, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சங்கிலிக்கு அடியில் குனிந்து நுழைந்தார். கூப்பிடு தூரம்தான். போய்விடலாம். "வந்துட்டேன்டி" என்று கத்தினார். "அங்கயே நில்லு, வந்துட்டேன்."

நாலைந்து எட்டு வைத்திருப்பார். பின்னால் கதவு சாத்தும் சத்தம். முன்கதவு. மச்சான் இறங்கிவிட்டான், நல்லவேளை என்று நினைத்தார்.

டப். டப்.

"ரைட்."

அவருடைய குரல். முப்பது வருஷம் ரோட்டில் கத்திக் கத்திக் கரகரத்துப்போன அவருடைய சொந்தக் குரல்.

கியர் விழுந்தது.

"ஹோல்டான்!" அவர் திரும்பி ஓடினார். சங்கிலி வயிற்றில் இடித்தது. "ஹோல்டான்! டேய், ஹோல்டான்!"

மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வருஷமாகப் பார்த்ததில்லை. வேன் முன்னும் பின்னும் தாழ, கேட்டு விளக்கைத் தாண்டிற்று. பின்கண்ணாடியில் சால்வை மூடின தலை. முன்ஜன்னலில் மஃப்ளர் சுற்றின தலை. ஜன்னலுக்கு வெளியே தொங்கின கை, வண்டி உடம்பை இன்னொரு தடவை தட்டியது. விரல் நுனியிலிருந்து தண்ணீர் தெறித்தது. சிவப்பு விளக்கு ரெண்டும் வளைவில் போயின.

சத்தம் அடங்கிற்று.

"ஏங்க, வண்டி போயிருச்சா?"

அவள்தான். ஆனால் படிப் பக்கமிருந்து வரவில்லை. பக்கத்தில். சுவருக்கு அந்தப் பக்கம், கீழே.

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

பனி தண்ணீரைவிட்டு ஓர் ஆள் உயரம் மேலே தூக்கியிருந்தது. கரையிலிருந்து தள்ளி, கால் எட்டாத ஆழத்தில், அவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். ஆண்கள், பெண்கள். கோட்டில்லாமல், தொப்பியில்லாமல், குளிருக்குப் போர்த்தினதை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் மாதிரி. தள்ளுமுள்ளு இல்லை, பேச்சு இல்லை. ஒருவர் பின்னால் ஒருவராக, பஸ் ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி. எல்லார் முகமும் ரோட்டைப் பார்த்து.

வரிசையின் கடைசியில் மஞ்சள் ஸ்வெட்டர். அவள் அவரைப் பார்த்ததும் கொஞ்சம் முன்னால் தள்ளி நின்றாள்.

பின்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு.